எத்தனால்ல வண்டி ஓட்டணும்னா எதை மாத்தணும், ஏன் மாத்தணும்: டர்பன்ல இருந்து ஒரு எளிய விளக்கம்

எத்தனால் ஊத்துனா வண்டி பறக்கும்னு தென்னாப்பிரிக்கா டர்பன்ல சாட்ஸ்வொர்த்துலயும் ஃபீனிக்ஸ்லயும் ப்ராய் போடுற (கறி சுடுற) இடத்துலெல்லாம் பேச்சு ஓடும், யாரோ ஒரு மச்சானோட சிட்டி கோல்ஃப் கார் இ85ல (பெரும்பங்கு எத்தனால்) டைனோல (பவர அளக்குற மெஷின்) எத்தன கிலோவாட் அடிச்சுதுன்னு ஒருத்தர் சொல்ல, அடுத்தவர் அதுல இன்னும் 20 சேத்து சொல்வாரு. விஷயம் பொய் இல்ல. ஆனா எந்த வண்டி பறக்கும், எந்த வண்டிக்கு காசு மட்டும் பறக்கும்னு யாரும் பிரிச்சு சொல்றதில்ல. அத புரிஞ்சிக்க ரெண்டே ரெண்டு குணம் தெரிஞ்சா போதும்: எத்தனாலுக்கு பசி ஜாஸ்தி, ஆனா அது சுலபத்துல நாக் (இன்ஜினுக்குள்ள தப்பான நேரத்துல வெடிக்கிறது) ஆகாது. மீதி எல்லாம் இந்த ரெண்டுல இருந்து தான் வருது.

எத்தனால்னா சாராயம் தான், வேற ஒண்ணும் இல்ல. கரும்பு ஆலைல சக்கரை எடுத்ததுக்கு அப்புறம் மிஞ்சுற மொலாசஸ புளிக்க வச்சு வடிச்சா வர்றது. 1860ல ட்ரூரோ கப்பல்ல மெட்ராஸ்ல இருந்து வந்தவங்க வெட்டுன அதே நேட்டால் கரும்பு தான், இப்பவும் டர்பன்லயே மொலாசஸ்ல இருந்து எத்தனால் வடிக்கிற ஆலை இருக்கு. இன்னொரு விஷயம், நம்ம மெரிபேங்க் இருக்கே, அங்க ஒரு நூறு வருஷத்துக்கு முன்னாடியே நேட்டலைட்னு ஒரு மோட்டார் எரிபொருள் தயார் பண்ணாங்க, கரும்புல இருந்து வந்த ஆல்கஹாலும் ஈதரும் கலந்தது. ஏன் ஈதர கலந்தாங்கன்றது கீழ கோல்ட் ஸ்டார்ட் (குளிர்ல ஸ்டார்ட் பண்றது) பத்தி சொல்றப்போ வரும்.

இ85னா 85% எத்தனால், 15% பெட்ரோல். இ10னா 10% எத்தனால். அவ்ளோ தான் கணக்கு. 2012ல கவர்மெண்ட் பெட்ரோல்ல 2ல இருந்து 10% வரைக்கும் பயோ எத்தனால் கலக்கலாம்னு ரெகுலேஷன் போட்டு 2015 அக்டோபர் 1ல இருந்து அமல்னும் சொன்னாங்க, ஆனா இன்னிக்கும் நம்ம ஊர் காரேஜ்ல போயி இ85 ஊத்துப்பானு பம்ப் அட்டெண்டன்ட் கிட்ட கேட்டா அவரு உங்கள ஒரு மாதிரி தான் பாப்பாரு. அதனால இங்க இ85 ஓட்டுறவங்க எத்தனால தனியா கேன்லயோ ட்ரம்லயோ வாங்கி 95 ஆக்டேன் பெட்ரோலோட தாங்களே கலந்துக்குறாங்க, இல்லன்னா ரேஸ் சாமான் விக்கிற கடைல கலந்தத வாங்குறாங்க. பிரேசில்காரன் மாதிரி பம்ப்ல போயி நின்னு பெட்ரோலா ஆல்கஹாலானு யோசிக்கிற வசதி நமக்கு இல்ல, இத மனசுல வச்சிக்கிட்டு தான் மத்ததெல்லாம் முடிவு பண்ணணும்.

பசி கணக்கு

இன்ஜின் எரிக்கிறது காத்தும் எரிபொருளும். பெட்ரோல் 1 கிலோ முழுசா எரிய 14.7 கிலோ காத்து வேணும். சுத்த எத்தனாலுக்கு 9 கிலோ போதும், ஏன்னா எத்தனால் மூலக்கூறுக்குள்ளயே கொஞ்சம் ஆக்ஸிஜன் இருக்கு. இ85க்கு கிட்டத்தட்ட 9.8. இத தலைகீழா பாருங்க. உங்க இன்ஜின் இழுக்குற காத்து மாறப்போறதில்ல, அதே 1.6 லிட்டர் அதே காத்து தான், அப்போ அந்த காத்துக்கு பெட்ரோல விட இ85 எடைல 50% ஜாஸ்தி வேணும், லிட்டர் கணக்குல 40%க்கு கொஞ்சம் மேல வரும். சக்தியும் அப்படித்தான், 1 லிட்டர் பெட்ரோல்ல சுமார் 32 மெகாஜூல் இருக்கு, எத்தனால்ல 21 தான்.

கம்பெனி ஈசியூ (இன்ஜின ஓட்டுற கம்ப்யூட்டர்) இத தெரியாம என்ன பண்ணும்னு கேட்டா, அது லாம்ப்டா சென்சார (பொகைல ஆக்ஸிஜன அளக்குறது) பாத்து எரிபொருள் கம்மியா இருக்கே, கொஞ்சம் சேப்போம்னு திருத்திக்கிட்டே இருக்கும், இதுக்கு பேரு ஃபியூவல் ட்ரிம். ஆனா அந்த திருத்தத்துக்கு ஒரு எல்லை உண்டு, நெறைய வண்டில 25% பக்கத்துலயே முட்டிக்கும். உங்களுக்கு வேண்டியது 40%. மிச்சம் 15% எங்க இருந்து வரும்? வராது. செக் இன்ஜின் லைட் எரியும், பி0171னு கோட் வரும், அதாவது மிக்சர் லீன், காத்துக்கு எரிபொருள் பத்தல. இது மெதுவா ஓட்டுறப்போ. கால முழுசா அமுக்குனா இன்னும் மோசம், அந்த நேரத்துல பல ஈசியூ சாதா லாம்ப்டா சென்சார கண்டுக்கிறதே இல்ல, மேப்ல (எவ்ளோ ஊத்தணும்ன்ற அட்டவணை) எழுதுனத அப்படியே ஊத்தும், அப்போ லீன்ல ஓடி பிஸ்டன் சூடாகி முடிஞ்சிது கத. அதனால ஸ்டாக் வண்டில சும்மா இ85 ஊத்தி பாக்குற வேலையே வேணாம். 15, 20% வரைக்கும் கலந்தா நெறைய வண்டி ட்ரிம்லயே சமாளிச்சிரும், ஆனா அதுல பெருசா லாபமும் இல்ல.

இப்போ இன்ஜெக்டர், அதாவது எரிபொருள பீச்சுற சாமான். ஒரு கணக்கு போட்டு காட்டுறேன். 80 கிலோவாட் இன்ஜின், நாலு சிலிண்டர். பெட்ரோல்ல ஒரு கிலோவாட்டுக்கு மணிக்கு 300 கிராம்னு வச்சிப்போம், முழு பவர்ல மணிக்கு 24 கிலோ, அதாவது சுமார் 32 லிட்டர். ஒரு சிலிண்டருக்கு நிமிஷத்துக்கு 134 சிசி. இன்ஜெக்டர 100% தொறந்தே வச்சி ஓட்டக்கூடாது, 80% டியூட்டி தான் நல்லது, அப்போ 168 சிசி இன்ஜெக்டர் போதும். இதே இன்ஜின் இ85ல? 134 இன்ட்டு 1.4, அது 188. 80% டியூட்டில 235 சிசி இன்ஜெக்டர் வேணும். கம்பெனிக்காரன் இவ்ளோ பெருசு போட்டிருக்க மாட்டான், அவன் பெட்ரோலுக்கு அளவா தான் போட்டிருப்பான். பம்ப்புக்கும் இதே 40% கணக்கு தான், பெரிய இன்ஜெக்டர் போட்டுட்டு பழைய பம்ப்ப விட்டா மேல் ஆர்பிஎம்ல பிரஷர் இறங்கி மறுபடியும் லீன்.

கார்பரேட்டர் போட்ட பழைய டொயோட்டா டாஸ் வச்சிருக்கவங்க கேப்பீங்க, நமக்கு இன்ஜெக்டரே இல்லையேனு. உங்களுக்கு ஜெட், அதாவது எரிபொருள் வர்ற சின்ன ஓட்ட. ஓட்டையோட பரப்பு 40% ஏறணும், அப்படின்னா விட்டம் 18% பக்கம் ஏறுனா போதும், பல பேரு விட்டத்தையே 40% ஏத்தி கரும்பொகை விட்டுக்கிட்டு திரியறாங்க.

அப்போ பவர் எங்க இருந்து வருது?

சக்தி கம்மியான எரிபொருள், அதுல எப்படி பவர் ஏறும்? நல்ல கேள்வி. இங்க தான் ரெண்டாவது குணம். சானிட்டைசர் கைல ஊத்துனா சில்லுன்னு இருக்குல்ல, அதுவும் எத்தனால் தான், ஆவியாகுறப்போ கைல இருக்குற சூட்ட எடுத்துக்குது. இன்ஜினுக்குள்ளயும் அதே வேல தான். கிலோவுக்கு கிலோ பாத்தா பெட்ரோல விட சுமார் 2.5 மடங்கு சூட்ட இழுக்கும், அதுவும் ஊத்துறதே ஒன்றர மடங்கு. உள்ள போற காத்து நல்லா குளிர்ந்திரும். இதோட ஆக்டேனும் (நாக் ஆகாம தாங்குற அளவு) ஜாஸ்தி, நம்ம பம்ப்ல 95, எத்தனால் 108 பக்கம்.

நாக்னா என்னன்னு ஒரு வரில சொல்லிடறேன். ஸ்பார்க் பத்த வச்ச நெருப்பு பரவி போயி சேர்றதுக்கு முன்னாடி, மூலைல இருக்குற மிக்சர் சூட்டுலயும் அழுத்தத்துலயும் தானா வெடிக்கிறது. டக் டக்குனு சத்தம் வரும், தொடர்ந்து விட்டா பிஸ்டன் உடையும். அதுக்கு பயந்து தான் ஸ்பார்க்க லேட்டா கொடுக்குறாங்க, டர்போ பூஸ்ட்ட கம்மியா வைக்கிறாங்க.

ஆக, நாக் ஆகும்னு பயந்து பவர விட்டுக்கொடுத்து ஓடுற இன்ஜின் எதுவோ அதுக்கு தான் எத்தனால் பவர் கொடுக்கும். டர்போ போட்ட கோல்ஃப், போலோ ஜிடிஐ, கம்ப்ரஷன் ஏத்துன இன்ஜின், இதெல்லாம் அந்த ஜாதி. டர்பன் பிப்ரவரி வெயில்ல, கடல் மட்டத்துல, 35 டிகிரில இன்டர்கூலர் (டர்போ காத்த குளிர வைக்கிறது) சூடாகி ஈசியூ டைமிங்க (ஸ்பார்க் வர்ற நேரத்த) பின்னாடி இழுத்துக்கிட்டே இருக்கும், அங்க எத்தனால் வந்தா வித்தியாசம் சீட்டுலயே தெரியும். ஆனா அப்பா ஆபீசுக்கு எடுத்துட்டு போற 1.3 டாஸ்? அது 95ல நாக்கே ஆகாது, அதுக்கு எத்தனால் ஊத்துனா கெடைக்கிறது கொஞ்சூண்டு பவர், போறது 30% மைலேஜ். என்ன கேட்டா அந்த வண்டிய விட்டுடுங்க, அது பாவம் நல்லா தான் ஓடிக்கிட்டு இருக்கு.

டைரக்ட் இன்ஜெக்ஷன் (சிலிண்டருக்குள்ளயே நேரா எரிபொருள பீச்சுற) வண்டிக்காரங்களுக்கு ஒரு வார்த்த: உங்களுக்கு தடை பெரும்பாலும் இன்ஜெக்டர விட ஹை பிரஷர் பம்ப் தான். அதனால தான் அந்த வண்டிங்கள்ல முழு இ85க்கு போகாம இ30, இ40னு கலந்து ஓட்டுறாங்க. நாக் ஆகாம தடுக்குற பலன்ல பெரிய பங்கு அந்த முதல் 30%லயே வந்திரும், சாமான் செலவு கம்மி. 40 லிட்டர் டேங்க்குல இ30 வேணும்னா 12 லிட்டர் எத்தனால், 28 லிட்டர் பெட்ரோல், ஆனா டேங்க்குல ஏற்கனவே என்ன கெடக்குதுன்றதையும் கணக்குல சேக்கணும்.

ட்யூனிங்

மொதல்ல ஈசியூ. கம்பெனி ஈசியூவ ரீமேப் பண்ண முடியுற வண்டி இருக்கு, முடியாத பழைய வண்டிக்கு தனி ஈசியூ போடணும். நம்ம நாட்டுலயே செய்யுற டிக்டேட்டர், ஸ்பிட்ரானிக்ஸ் ரெண்டும் இங்க நெறைய ட்யூனர்களுக்கு கை வந்தது, அதனால ட்யூன் பண்ண ஆள் தேடி அலைய வேணாம். அதுக்கு அப்புறம் ஃப்ளெக்ஸ் ஃபியூவல் சென்சார். இத செலவுன்னு நெனச்சு விடாதீங்க. பெட்ரோல் லைன்ல மாட்டுற சின்ன உருளை, உள்ள போற எரிபொருள்ல எத்தனால் எத்தன சதம்னு பாத்து ஈசியூவுக்கு சிக்னல் அனுப்பும். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டில வர்ற சென்சார தான் பாதி உலகம் யூஸ் பண்ணுது, அதுல சுத்த பெட்ரோல்னா 50 ஹெர்ட்ஸ், சுத்த எத்தனால்னா 150 ஹெர்ட்ஸ், அப்போ இ30க்கு 80 ஹெர்ட்ஸ். ஈசியூல பெட்ரோல் மேப் ஒண்ணு, எத்தனால் மேப் ஒண்ணு இருக்கும், சென்சார் சொல்ற அளவுக்கு ரெண்டுக்கும் நடுவுல கலந்துக்கும். ஏன் அவசியம்னு சொல்றேன், ஜோஹன்னஸ்பர்க்ல கல்யாணம்னு வைங்க, என்3 ஹைவேல ஏறிட்டீங்க, வழில ஹாரிஸ்மித்ல டேங்க் காலி, அங்க யாரு உங்களுக்கு இ85 வச்சிருப்பா? இருக்குற பெட்ரோல தான் ஊத்தணும். சென்சார் இல்லாத வண்டி அங்கயே புகை கக்கி நிக்கும், அதவிட மோசம், எத்தனால் டைமிங்லயே பெட்ரோல எரிச்சு நாக் அடிச்சு பிஸ்டன ஒடச்சிக்கும்.

வைட்பேண்ட் மீட்டர் (காத்து, எரிபொருள் கணக்க காட்டுறது) பாக்குறதுல புதுசா வர்றவங்க எல்லாரும் குழம்புற ஒரு இடம் இருக்கு. இ85க்கு 9.8னு சொன்னேன், ஆனா மீட்டர்ல 14.7னு காட்டுதே, லீனா ஓடுதானு பதறுவாங்க. அந்த சென்சாருக்கு எந்த எரிபொருள்னு தெரியாது, அது பாக்குறது பொகைல ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கா இல்லையானு தான். சரியா எரிஞ்சா லாம்ப்டா 1. அந்த 1ஐ மீட்டர் பெட்ரோல் கணக்குல 14.7னு மாத்தி எழுதுது, அவ்ளோ தான். அதனால எத்தனால்ல ஓட்டுறவங்க மீட்டர லாம்ப்டா கணக்குக்கு மாத்திருங்க, தலைவலி போயிரும். க்ரூஸ்ல 1, டர்போ வண்டில முழு லோட்ல 0.8 பக்கம், இதெல்லாம் உங்க ட்யூனர் பாத்துப்பாரு.

டைமிங் விஷயத்துல தான் எனக்கு சொல்ல நெறைய இருக்கு. பெட்ரோல்ல ட்யூனர் ஒவ்வொரு டிகிரியா ஸ்பார்க்க முன்னாடி கொண்டு வர்றாரு, டார்க் (இன்ஜின் சுத்துற வலு) ஏறிக்கிட்டே வரும், முழுசா ஏறுறதுக்கு முன்னாடியே நாக் சத்தம் கேக்கும், அங்க நிறுத்திட்டு ரெண்டு டிகிரி பின்னாடி வருவாரு. பெட்ரோல் சத்தம் போட்டு சொல்லிடும். எத்தனால் சொல்லாது! டார்க் உச்சிய தாண்டி போனாலும் நாக் வராது, அமைதியா இருக்கும், ஆனா பிஸ்டன் இன்னும் மேல ஏறிக்கிட்டு இருக்குறப்பவே அழுத்தம் உச்சத்துக்கு போயி கனெக்டிங் ராட வளைக்கும். அதனால காதுல கேட்டு எத்தனால் ட்யூன் பண்றேன்னு ஒருத்தர் ரோட்டுல லேப்டாப்ப மடில வச்சிக்கிட்டு சொன்னா, நன்றி அண்ணானு சொல்லிட்டு வந்துருங்க. டைனோல தான் தெரியும். ஒரு டிகிரி கூட்டுறோம், டார்க் ஏறுது. இன்னொரு டிகிரி, கொஞ்சம் ஏறுது. இன்னொண்ணு, ஏறல. அங்க நின்னு, ஏறாத டிகிரிய திரும்ப எடுத்துரணும், அதுக்கு மேல கொடுக்குற ஒவ்வொரு டிகிரியும் ராடுக்கு தான் அடி.

குளிர்ல ஸ்டார்ட் ஆகுறது. எத்தனால் 78 டிகிரில தான் கொதிக்கும், பெட்ரோல்ல இருக்குற லேசான சமாச்சாரங்க மாதிரி குளிர்ல ஆவியாகாது, ஆவியாகாட்டி பத்தாது. மெரிபேங்க்ல அந்த காலத்துல ஈதர் கலந்ததும் இதுக்கு தான், ஈதர் குளிர்லயும் ஆவியாகும். பிரேசில்ல ஆல்கஹால் வண்டிங்கள்ல ஸ்டார்ட் பண்றதுக்குன்னே குட்டியா ஒரு பெட்ரோல் டேங்க் வச்சிருந்தாங்க. இ85ல அந்த 15% பெட்ரோல் செய்யுறதும் அதே வேல, கூடவே தீ பிடிச்சா கண்ணுக்கு தெரியுறதுக்கும் உதவும், சுத்த எத்தனால் தீ பகல்ல சரியா தெரியாது. டர்பன் குளிர்காலம் எத்தனாலுக்கு ஒரு பொருட்டே இல்ல, ஸ்டார்ட்டிங்ல ஊத்துற அளவ மேப்ல கூட்டுனா போதும். ஆனா ஜோஹன்னஸ்பர்க்ல ஜூலை காலைல பூஜ்யம் டிகிரில நிறுத்தி வச்ச வண்டிய எழுப்பி பாருங்க, பேட்டரி தீர்ற வரைக்கும் சுத்தும். அந்த பக்கம் போறப்போ கலவைல பெட்ரோல் அளவ ஏத்திக்கிட்டு போறது தான் புத்திசாலித்தனம்.

தண்ணி, ரப்பர், மத்த தொல்லைங்க

எத்தனால் காத்துல இருக்குற ஈரத்த இழுக்கும். டர்பன் ஈரக்காத்து உங்களுக்கே தெரியும். வாங்குறப்போ 99.5%க்கு மேல சுத்தமான, தண்ணிய நீக்குன எத்தனாலானு கேட்டு வாங்குங்க, சாதாரணமா வடிச்சா 95, 96%லயே நின்னுடும், மீதி தண்ணி. கம்மியா எத்தனால் கலந்த பெட்ரோல்ல தண்ணி சேந்தா எத்தனாலும் தண்ணியும் சேந்து தனியா பிரிஞ்சு டேங்க் அடில போயி உக்காந்துக்கும், பம்ப் உறிஞ்சுறதும் அடில இருந்து தானே. இ85 இன்னும் கொஞ்சம் தண்ணிய தாங்கும். ஹார்டுவேர் கடைல கலர் போட்டு விக்கிற மெத்திலேட்டட் ஸ்பிரிட்ட வாங்கி ஊத்தாதீங்க, அதுல தண்ணியும் இருக்கு, வேற என்னென்னமோவும் இருக்கு. ட்ராக் ரேஸ்காரங்க ஊத்துற மெத்தனாலும் வேற சரக்கு, அதுக்கு காத்து கணக்கு 6.4, விஷம், அரிப்பும் ஜாஸ்தி, பேரு ஒரே மாதிரி இருக்குன்னு மாத்தி ஊத்திடாதீங்க.

கலந்தத சோதிக்க ஒரு சுலப வழி. 100 மில்லி அளவு குழாய் ஒண்ணு எடுத்து 10 மில்லி தண்ணி ஊத்துங்க, மேல 90 மில்லி உங்க எரிபொருள். மூடி போட்டு நல்லா குலுக்கி வச்சிருங்க. எத்தனால் பெட்ரோல விட்டுட்டு தண்ணியோட போயி சேந்துக்கும், கொஞ்ச நேரத்துல நடுவுல ஒரு கோடு தெளிவா தெரியும். 10ல இருந்த கோடு 37க்கு ஏறியிருந்தா 27 மில்லி எத்தனால், 90ல 27, கிட்டத்தட்ட இ30. துல்லியம்னு சொல்ல முடியாது, ஆனா ட்ரம்மு வித்தவரு சொன்னது நெசமானு கண்டுபிடிக்க இது போதும்.

பழைய வண்டில ரப்பர் ஹோஸ் எல்லாம் எத்தனாலுக்கு ஊறி விரிசல் விடும், டெஃப்லான் உள்பூச்சு போட்ட ஹோஸ், விட்டான் ஓ-ரிங்னு கேட்டு மாத்திருங்க. பூச்சு இல்லாத அலுமினியம், துத்தநாகம், இதெல்லாம் நாளாவட்டத்துல அரிக்கும். டேங்க்குல வருஷக்கணக்கா படிஞ்ச அழுக்க எத்தனால் கழுவி எடுத்துட்டு வந்து ஃபில்டர்ல அடைக்கும், அதனால மாத்துன புதுசுல ஃபில்டர் ஒண்ணு ஸ்பேரா வண்டிலயே வச்சிக்கோங்க. இன்ஜின் ஆயிலையும் சீக்கிரம் மாத்தணும், சின்ன சின்ன தூரமா ஓட்டுறவங்களுக்கு எரியாத எத்தனால் ஆயில்ல எறங்கி நீர்க்க வச்சிரும். வண்டிய மாசக்கணக்குல நிறுத்தப்போறீங்கன்னா எத்தனால ஓட்டி தீத்துட்டு பெட்ரோல் ஊத்தி நிறுத்துங்க.

காசு விஷயம் சுருக்கமா. பிரேசில்காரங்க வச்சிருக்குற கணக்கு, எத்தனால் லிட்டர் வெல பெட்ரோல் வெலைல 70%க்கு மேல போனா எத்தனால் நஷ்டம். நம்ம ஊர்ல மாசாமாசம் மொத புதன்கிழம பெட்ரோல் வெல மாறுது, ட்ரம்ல வாங்குற எத்தனால அதோட ஒப்பிட்டு பாருங்க, மிச்சம் பிடிக்கலாம்னு யாரும் எறங்க வேணாம், இது பவருக்கு மட்டும் தான். சிலர் கரும்பு நம்மூர்லயே இருக்கே, வீட்டுலயே வடிச்சுக்கலாமானு கேக்குறாங்க. லைசன்ஸ் இல்லாம வடிச்சா குற்றம், அதோட வீட்டுல வடிக்கிறதுல தண்ணிய முழுசா எடுக்கவும் முடியாது. அப்புறம் இன்சூரன்ஸ்காரங்க கிட்ட வண்டிய மாத்தியிருக்கேன்னு எழுத்துல சொல்லி வைங்க, ஆக்சிடெண்ட் ஆனதுக்கு அப்புறம் அசெசர் வந்து பானட்ட தொறந்து பெரிய இன்ஜெக்டரயும் சென்சாரயும் பாத்துட்டு க்ளெய்ம் கிடையாதுன்னா அப்போ சண்ட போட்டு பிரயோஜனம் இல்ல.